தாலி கட்டும் நேரமும் எச்.டி.வி. கேசட்டும்

கல்யாண வீடியோவில் திரும்ப எடுக்கவே முடியாத இடம், மாங்கல்யத்தை மாப்பிள்ளை கையில் வாங்குவதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரைதான். அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் தவிலும் நாதஸ்வரமும் கெட்டி மேளத்துக்கு ஏறிவிடும். நாலு பக்கத்திலிருந்தும் அட்சதை விழும். ஃபோட்டோகிராபர்களின் ஃப்ளாஷ் மாறி மாறி அடிக்கும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மணவறையைச் சுற்றி நெருக்குவார்கள். பழைய மினி டி.வி. கேசட்டிலேயே எச்டி படத்தைப் பதியும் எச்.டி.வி. ஃபார்மட்டுக்கு எதெல்லாம் ஆகாதோ அத்தனையும் அந்த அரை நிமிடத்தில் ஒன்றுகூடும். மற்ற ஐந்து மணி நேரத்தில் ஏதாவது பிசகினால் எடிட்டிங்கில் சரிக்கட்டலாம். இங்கே முடியாது. அதனால் ஷூட்டிங், எடிட்டிங், டெலிவரி எதைப் பற்றிப் பேசினாலும் அந்த அரை நிமிடத்தை நடுவில் வைத்தே பேசுகிறேன்.

2005-க்குப் பிறகு ஆறேழு வருடம் தமிழ்நாட்டில் எடுத்த எத்தனையோ கல்யாணங்கள் இன்னும் மினி டி.வி. கேசட்டிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து, பெரிய தொலைக்காட்சி வாங்கி, பழைய டிவிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘எச்டியில் எடுத்ததாகத்தானே சொன்னார்கள்’ என்று கேட்கிறார்கள். எச்டியில் எடுத்தது உண்மை. அது எங்கே தங்கியது, எங்கே போனது என்பதும் இதற்குள் வரும்.

(எழுதுவதில் ஒரு சங்கடம். கேசட்டும் டி.வி., வீட்டுப் பெட்டியும் டிவி. குழப்பம் வராமலிருக்க, டி.வி. என்றால் கேசட்டின் ஃபார்மட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தொலைக்காட்சி என்றே எழுதுகிறேன்.)

எச்.டி.வி.யை 2003-ல் கேனான், ஷார்ப், சோனி, ஜேவிசி நான்கும் சேர்ந்து அறிவித்தன. 2004 கடைசியில் சோனி எஃப்எக்ஸ்1 கேமரா வந்தது. மறு வருடம் அதே உடம்பில் எக்ஸ்எல்ஆர் மைக் வசதியோடு இசட்1, கையடக்கமாக எச்சி1. 2006-ல் கேனான் எக்ஸ்எச் ஏ1. பிறகு தோளில் தூக்கி வைக்கும் சோனி எச்டி1000. கல்யாண வீட்டில் தோள் கேமராவுக்கு இருந்த மரியாதையே தனி என்பதால் அது நன்றாக ஓடியது.

இவை எல்லாமே பழைய மினி டி.வி. கேசட்டில்தான் பதிவு செய்தன. டேப் ஓடும் வேகமும் மாறவில்லை. விநாடிக்கு 25 மெகாபிட் தரவு என்ற அளவும் மாறவில்லை. மாறியது படத்தின் அளவு. டி.வி.யில் ஒரு ஃபிரேம் 720×576, அதாவது ஏறக்குறைய 4.15 லட்சம் புள்ளி. எச்.டி.வி. 1080-இல் 1440×1080, அதாவது 15.55 லட்சம் புள்ளி. கிட்டத்தட்ட நாலு மடங்கு சரக்கை அதே பெட்டிக்குள் அடைக்க வேண்டும். டி.வி. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கியது. எச்.டி.வி. எம்பெக்-2 முறையில் 12 ஃபிரேமை ஒரு கட்டாகக் கட்டுகிறது. கட்டின் முதல் ஃபிரேம் மட்டும் முழுப்படம். மீதிப் பதினொன்றும் ‘முன்னதிலிருந்து என்ன மாறியது’ என்ற குறிப்புகள். நம் ஊர் 50 ஐ முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு பாதிகளாக வரும். அந்தப் பாதிதான் ஃபீல்டு, இந்த முறைதான் இன்டர்லேஸ். விநாடிக்கு 50 ஃபீல்டு, 25 ஃபிரேம், ஆகவே ஒரு கட்டு 0.48 விநாடி.

மணமக்கள் அசையாமல் உட்கார்ந்து, வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாற்றம் சொற்பம். 25 மெகாபிட் தாராளம். பட்டுச் சேலையின் ஜரிகை இழை இழையாகத் தெரியும். கெட்டி மேளம் கொட்டியதும் படத்தின் ஒவ்வொரு மூலையும் மாறுகிறது. குறிப்பு எழுத இடம் போதாமல், படத்தைச் சுருக்கும் என்கோடர் நுணுக்கத்தைக் கைவிடுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இன்றைய ஃபோன் கேமராக்களும் இதே கட்டு முறையில்தான் சுருக்குகின்றன. பிட்டும் சிப்பும் கூடிவிட்டதால் உடைவது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அட்சதைக்கு இடம் விட வேண்டும்

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: தாலி கட்டும் நேரத்தில் அட்சதையைத் தவிர வேறு எதற்கும் பிட் செலவாகக் கூடாது.

கேமரா ஸ்டாண்டில் இருக்க வேண்டும். ஜூமைத் தொடக் கூடாது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் பேன் ஷாட் கூடாது. கேமரா நகர்ந்தால் பின்னாலிருக்கும் பூ அலங்காரம், சீரியல் லைட், தெர்மகோல் வேலைப்பாடு எல்லாமே நகரும். கையில் பிடித்துக் கூட்டத்துக்குள் நுழைந்து எடுக்கும் ஷாட் டி.வி. காலத்தில் உயிரோட்டமாக இருந்தது. எச்.டி.வி.யில் அதே ஷாட் கலங்கிப்போகும்.

லாங் ஷாட்டில்தான் சேதம் அதிகம். படம் முழுக்க நூற்றுக்கணக்கான மஞ்சள் அரிசி, ஒவ்வொன்றும் தனித்தனித் திசையில். கேமராவைப் பின்னால் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, ஜூம் போட்டு, மணப்பெண்ணின் கழுத்தும் மாப்பிள்ளையின் இரண்டு கையும் மட்டும் ஃபிரேமில் இருக்குமாறு கட்டினால் பின்னணி மங்கிவிடும். மங்கிய பின்னணியில் நுணுக்கம் இல்லை, அதனால் செலவும் இல்லை. மிச்சமாகும் பிட் முழுவதும் விரலுக்கும் மஞ்சள் கயிற்றுக்கும் போகும். நெற்றியில் விழுந்து தெறிக்கும் அரிசிகூடத் தெளிவாக வரும். பல வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவார். அவர் பின்னாலிருந்து குனியும்போது எந்தப் பக்கம் மறைப்பார் என்பதைச் சடங்கு தொடங்கும் முன்பே அந்த அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கேமராவை மறுபக்கம் வைப்பது நல்லது. இரண்டாவது கேமரா இருந்தால் அது லாங் ஷாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷட்டர் 1/50. வேகம் கூட்டினால் விழும் அரிசி ஒவ்வொன்றும் கூர்மையாக நிற்கும், என்கோடருக்குச் சுமை ஏறும். 1/50-இல் அது இலேசாக இழுபட்டு வரும். கண்ணுக்கும் அதுதான் இயல்பு.

பிட்டைத் தின்னும் இன்னொன்று கெயின், அதாவது வெளிச்சம் போதாதபோது சிக்னலைத் தூக்கிப் படத்தை வெளிச்சமாக்கும் செட்டிங். விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் வெறும் டியூப் லைட் என்றால் கெயினை ஏற்றச் சொல்லும். சோனியின் கணக்கிலேயே பழைய டி.வி. கேமராவான பிடி170-க்குக் குறைந்தபட்ச வெளிச்சம் 1 லக்ஸ், எஃப்எக்ஸ்1-க்கு 3 லக்ஸ். பழைய கேமராவுக்குப் போதுமாக இருந்த வெளிச்சம் இதற்குப் போதாது. கெயினை ஏற்றினால் வரும் பொரிப்புள்ளி பார்க்க அசிங்கம் மட்டுமல்ல. அது ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறும். என்கோடர் அதையும் மாற்றமாக எண்ணி பிட்டை அதற்குக் கொடுக்கும். 9 டெசிபலோடு நிறுத்திக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டுவதே சரி. 1000 வாட் ஹாலஜன் இரண்டு, மணவறைக்கு இரண்டு பக்கமும் சற்று உயரத்தில், ஸ்டாண்டில் அசையாமல். லைட் பாய் கையில் பிடித்து அங்குமிங்கும் திருப்பினால், ஒவ்வொரு திருப்பலிலும் படம் முழுவதன் வெளிச்சமும் மாறும். அதற்கும் செலவாவது அட்சதைக்கு வைத்திருந்த பிட்தான்.

மண்டபத்தின் கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஒரு விளக்கை மேல்நோக்கித் திருப்பிவிடலாம். ஹோமப் புகையிலேயே கண் எரிந்து கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தில் நேராக 1000 வாட் அடிக்காமல் இருப்பது அவளுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

மற்ற செட்டிங்குகள்

இசட்1-இல் நம் ஊர் 50 ஐ, அமெரிக்காவின் 60 ஐ இரண்டும் உண்டு. கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. 60 ஐ-யில் 1/60 ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்க அலை ஓடும். அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கிவந்த எஃப்எக்ஸ்1 60 ஐ மட்டும்தான் தரும். அதில் ஷட்டரை 1/100-க்கு வைத்தால் துடிப்பு அடங்கும். ஆனால் 50 ஐ கேமராவோடு அதைக் கலந்து எடிட் பண்ணுவது பெரும்பாடு. தனியாக ரிசப்ஷனுக்கு மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம்.

எஃப்எக்ஸ்1, இசட்1 இரண்டிலும் சினிஃபிரேம் 25 என்று ஒன்று இருக்கும். சினிமா மாதிரி வரும் என்ற ஆசையில் பலர் போட்டார்கள். அது இன்டர்லேஸ் படத்திலிருந்து சமைத்துத் தரும் 25 ஃபிரேம், செங்குத்து நுணுக்கம் குறைந்துவிடும். 50 ஐ-யிலேயே எடுத்தால், தேவைப்படும்போது எடிட்டிங்கில் 25 ஆக்கிக்கொள்ளலாம்.

எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. ஹாலஜன் 3200 கெல்வின், ஜன்னல் வெளிச்சமோ விடிய விடிய நீலம் ஏறிக்கொண்டே போகும். வெள்ளை எடுக்க மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டுவது வழக்கம். அதில் ஒரு பிசகு உண்டு. புது வேட்டி நீலம் போட்டதாக இருக்கும். அந்த நீலத்தை வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொண்டால் முகமெல்லாம் மஞ்சளடிக்கும். அலங்காரத்துக்கு வந்த தெர்மகோல் துண்டு ஒன்றை ஹாலஜன் வெளிச்சம் படும்படி பெண் உட்காரும் இடத்தில் பிடித்து எடுத்தால் நம்பலாம்.

வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் கோடு காட்டும் சீப்ராவை 100-இல் வைத்து, வேட்டியின் மடிப்பு விளிம்பில் மட்டும் கோடு வரும்வரை ஐரிஸைத் திறக்கலாம். நெற்றியில் கோடு வந்தால் அதிகம். மாநிற முகங்கள் இருட்டாகத் தெரிகின்றன என்று மேலும் திறந்தால் வேட்டி வெளுத்துப்போய் மடிப்பே இல்லாமல் காகிதம் மாதிரி நிற்கும். முகத்துக்குத் தேவைப்படுவது விளக்குதான்.

கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு தனித் தொல்லை. எச்.டி.வி. நிறத்தைப் படத்தின் அகலத்திலும் உயரத்திலும் பாதிப் பாதியாகவே பதிவு செய்கிறது. இன்டர்லேஸும் சேர்ந்துகொள்ளும்போது சிவப்பின் ஓரம் ரம்பப் பல் மாதிரி வரும். பிக்சர் ப்ரொஃபைலில் நிறத்தை ஒன்றிரண்டு படி குறைத்து, ஷார்ப்னஸையும் இரண்டு மூன்று படி இறக்கி எடுத்தால் சிவப்பும் அடங்கும், ஜரிகையின் மினுக்கலும் குறையும். பிற்பாடு கூட்டுவது எளிது.

ஃபோகஸ் விஷயத்தில் எச்டி இரக்கம் காட்டாது. கேமராவின் சின்ன ஸ்கிரீனில் கூர்மையாகத் தெரிவது 42 அங்குலத் தொலைக்காட்சியில் மொட்டையாக இருக்கும். ஆட்டோ ஃபோகஸ் ஹோமப் புகையைத் துரத்திக்கொண்டு போகும். மேனுவலுக்கு மாற்றி, முழு ஜூமில் பெண்ணின் நெற்றிச்சுட்டியைப் பார்த்துக் கூர்மையாக்கி, பிறகு தேவையான அளவுக்கு வெளியே வர வேண்டும். பீக்கிங் போட்டால் கூர்மையான ஓரங்களில் நிறக்கோடு தெரியும், உதவியாக இருக்கும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டி.வி. ஒலியைச் சுருக்காமல் பதிவு செய்தது, விநாடிக்கு 1536 கிலோபிட். எச்.டி.வி. அதையும் சுருக்கி 384 கிலோபிட்டில் வைக்கிறது. உடைந்த ஒலியைச் சுருக்கினால் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆட்டோ லெவலில் விட்டால் மந்திரத்தின்போது மண்டபத்தின் இரைச்சலைத் தூக்கும், கெட்டி மேளம் விழுந்ததும் மூச்சடைத்து அமுங்கும், மேளம் நின்றபின் சில நொடி ஊமையாக இருக்கும். மேனுவலில் வைத்து, மாலை மாற்றும்போது தவில் ஓங்கும் இடத்தில் மைனஸ் 12-ஐ ஒட்டி முள் நிற்குமாறு கட்டிவிட வேண்டும். மந்திரம் மெல்லியதாக வரும், அதைப் பிறகு தூக்கலாம். இசட்1 இருந்தால் ஒரே மைக்கை இரண்டு சானலுக்கும் கொடுத்து, ஒன்றை மற்றதைவிட 12 டெசிபல் குறைவாக வைத்துவிட்டால் கவலையே இல்லை. மண்டபத்து மைக் செட்டிலிருந்து வயர் எடுத்தால் அது லைன் அளவு, மைக் சிக்னலைவிடப் பல மடங்கு ஓங்கியது. இடையில் அதைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாமல் மைக் சாக்கெட்டில் செருகினால் கரகரவென்றுதான் பதிவாகும்.

கேசட்

டி.வி.யில் டேப்பை மெதுவாக ஓட்டும் எல்பி போட்டு 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுத்த பழக்கம் இதில் நடக்காது, எச்.டி.வி.யில் எல்பி கிடையாது. முகூர்த்தத்துக்குப் புதுக் கேசட். ஓடிக்கொண்டிருப்பதில் 25 நிமிடம் மிச்சமிருந்தாலும் முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பே மாற்றிவிட வேண்டும். முதல் ஒரு நிமிடம் எதையாவது வெறுமனே ஓட விடுங்கள். டேப்பின் முனை அதிகம் இழுபட்டுக் கசங்கும் இடம் அது. இடையில் ரீவைண்ட் பண்ணி வீட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டும் ஆசையை அடக்க வேண்டும். காட்டியே தீர வேண்டுமென்றால் எண்ட் சர்ச் போட்டுப் பதிவு முடிந்த இடத்துக்கு வந்து தொடரலாம். டேப்பில் பதியும் நேரக்கணக்கான டைம்கோடு அறுந்தால், கேசட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கும் கேப்சர் அங்கே அறுபடும். ஒரே கேசட்டில் டி.வி.யும் எச்.டி.வி.யும் கலந்தாலும் அதே கதிதான்.

டி.வி. கேசட்டில் தூசி ஒன்று, டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட்டில் பட்டால் நாலைந்து சதுரம் பளிச்சிட்டுப் போகும். எச்.டி.வி.யில் அது கட்டின் முழு ஃபிரேமைக் கெடுத்தால் அந்தக் கட்டே போச்சு. அரை விநாடி படம் உறையும், ஒலியும் அறுபடும். முடிச்சு விழும் அரை விநாடி அதுவாகவும் இருக்கலாம். அதனால் ஒரே பிராண்டு கேசட்டையே கடைசிவரை பயன்படுத்துவது, ஒருமுறை பதிவு செய்த கேசட்டில் மறுபடி பதியாமலிருப்பது, ஹெட் கிளீனிங் கேசட்டைப் பத்து நொடிக்கு மேல் ஓட்டாமலிருப்பது என்று எச்சரிக்கையாக இருந்தாக வேண்டும். கிளீனிங் கேசட் ஹெட்டைத் தேய்ப்பது. அடிக்கடி போட்டால் ஹெட்டின் ஆயுள்தான் குறையும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஏசி அறைதான் ஆபத்து. பெண் அழைப்பை ஏசி ஹாலில் எடுத்துவிட்டு நேராக ஊர்வலத்துக்கு வெளியே வந்தால், ஹெட் பொருத்தியிருக்கும் குளிர்ந்த டிரம்மில் ஈரம் படியும். டேப் அதில் ஒட்டினால் கசங்கும். கேமரா ஈர எச்சரிக்கை காட்டி, எஜெக்ட் தவிர வேறெதற்கும் அசையாது. கேசட்டை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டியதுதான். ஊர்வலம் ஒரு மணி நேரம் காத்திருக்காது. அதனால் வெளியே வரும் முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடி, அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுவது நல்லது.

கேப்சர்

கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிளைச் செருகும்போது இரண்டு பக்கமும் ஆஃபில் இருக்கட்டும். எர்த் சரியாக இல்லாத கட்டடங்களில் கம்ப்யூட்டர் உடம்பைத் தொட்டாலே சுரீரென்கும். அந்தக் கசிவு கேமராவின் போர்ட்டைச் சுட்டுவிடும். பலகையையே மாற்ற வேண்டிவரும்.

கேமரா மெனுவில் விசிஆர் என்பது எச்.டி.வி.யில், ஐலிங்க் (ஃபயர்வயருக்கு சோனியின் பெயர்) கன்வர்ஷன் ஆஃப். ஆன் ஆக இருந்தால் எச்டி கேசட்டிலிருந்தே சாதா டி.வி. இறங்கும், அது தெரியாமலேயே முழுக் கல்யாணமும் இறங்கிவிடும். கேபிள் செருகியிருக்கும்போது இந்த மெனுவை மாற்ற முடியாது, கழற்றிவிட்டு மாற்ற வேண்டும். இறங்கிய ஃபைலின் அளவு 720×576 என்றிருந்தால் இதுதான் காரணம்.

ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 12 ஜிபி. ஐந்து கேசட் கல்யாணத்துக்கு 60 ஜிபி. 20 நிமிடம் கழிந்ததும் கேப்சர் தானாக நின்றால் டிஸ்க் ஃபேட்32-இல் இருக்கிறது, 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் அதில் நிற்காது. என்டிஎஃப்எஸ் ஆக்க வேண்டும்.

இடையில் படம் உறைந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் பதிவு சரியாகவே இருக்கும், படிப்பதில்தான் கோளாறு. ஹெட்டைச் சுத்தம் செய்து, கேசட்டை முனையிலிருந்து முனைவரை ஒருமுறை ஓட்டித் திருப்பி, மறுபடி இறக்கிப் பாருங்கள். முடிந்தால் எடுத்த அதே கேமராவில். அப்படியும் அதே இடத்தில் உறைந்தால்தான் டேப்பில் கோளாறு. இரண்டாவது கேமராவின் ஷாட்டை அங்கே போட்டு, ஒலியை முன்னாலிருக்கும் மேளத்திலிருந்து அரை விநாடி எடுத்து ஒட்டினால் தெரியாது.

எடிட்டிங்கும் டிவிடியும்

பென்டியம் 4 காலத்தில் எச்.டி.வி.யை நேராக டைம்லைனில் போட்டால் நகரவே நகராது. எந்த ஃபிரேமைக் காட்ட வேண்டுமென்றாலும் அதன் கட்டு முழுவதையும் அவிழ்த்தாக வேண்டும். கேனோபஸ் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் நம் பக்கம் பரவலானதற்குக் காரணம் எச்க்யூ என்ற அதன் கோடெக், அதாவது சுருக்க முறை. ஃபைல் மூன்று நாலு மடங்கு பெருக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, வெட்ட வெட்ட வழுக்கிக்கொண்டு போகும். கோர் 2 டுயோ வந்தபிறகு நேராகவே வெட்ட முடிந்தது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கேசட்டிலிருந்து இறங்கிய எம்2டி ஃபைல்களை அழிக்கவே கூடாது.

ஃப்ளாஷ் அடித்த ஃபிரேம்களைப் பார்த்துச் சரிசெய்வதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். எஃப்எக்ஸ்1 மாதிரி சிசிடி கேமராவில் ஃபீல்டு முழுவதும் வெளுக்கும். எச்சி1 மாதிரி சிமாஸ் கேமராவில் பாதிப் படம் மட்டும் வெளுத்துக் குறுக்குப் பட்டை விழும். முந்தின ஃபிரேமை உறைய வைத்து அந்த ஒரு ஃபிரேமின் மேல் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. எல்லா ஃப்ளாஷையும் இப்படி மறைக்க வேண்டாம், அது கல்யாணத்தின் பகுதிதான். முடிச்சு விழும் இடத்திலும் பட்டை விழுந்த இடத்திலும் செய்தால் போதும்.

ஸ்லோ மோஷனுக்கு 50 ஃபீல்டும் கைகொடுக்கும். ஃபீல்டைப் பிரித்து 50 ஃபிரேமாக்கி 50 சதவீத வேகத்தில் ஓட்டினால் வழவழவென்று வரும். அதற்குக் கீழே போனால் துடிக்கும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அந்த இடத்தில் கெட்டி மேளத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டுப் போடாதீர்கள். நாதஸ்வரக்காரர் அன்று வாசித்தது அந்தக் கேசட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. பாட்டு வேண்டுமென்றால் ஊஞ்சலுக்கும் ரிசப்ஷனுக்கும் போடலாம்.

டிவிடியாகும்போது கெடுவது பெரும்பாலும் ஃபீல்டு வரிசையால். டி.வி.யில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், எச்.டி.வி.யில் மேல் ஃபீல்டு. பழைய டி.வி. டெம்ப்ளேட்டிலேயே ரெண்டர் போட்டால் ஆரத்தித் தட்டு சுற்றும்போது முன்னும் பின்னும் உதறும். கம்ப்யூட்டர் மானிட்டரில் இது பிடிபடாது. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் ஆரத்தி ஷாட் ஒன்றை மட்டும் டிவிடி ஆர்டபிள்யூவில் எழுதிப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 1080-இலிருந்து 576-க்குச் சுருக்கும்போது ஃபீல்டைப் பிரிக்காமல் சுருக்கினால் இரண்டு ஃபீல்டும் கலந்து கை இரட்டையாகத் தெரியும். அதை எந்தச் செட்டிங்காலும் பின்னால் சரிசெய்ய முடியாது. ஜரிகைக் கோடுகள் மினுமினுத்தால் செங்குத்தாகத் துளி ப்ளர் கொடுத்தால் அடங்கும்.

பிட் ரேட் கணக்கு எளிது. 4.7 ஜிபி டிஸ்கில் மெனுவுக்கும் ஓரத்துக்கும் விட்டுவிட்டால் 36,000 மெகாபிட். ஓடும் விநாடியால் வகுக்க வேண்டும். இரண்டு மணி நேரம், 7200 விநாடி: 5 மெகாபிட். ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்மில் வைத்தால் ஒன்றரை மெகாபிட்டை அதுவே விழுங்கும். டால்பி டிஜிட்டல் 192 கிலோபிட் போட்டால் படத்துக்கு 4.8 கிடைக்கும். இரண்டு முறை ஓடிக் கணக்குப் பார்த்துச் சுருக்கும் டூ பாஸ், உச்சம் 8. ஒன்றரை மணி நேரத்துக்கு 6.4. கெட்டி மேளம் இருக்கும் டிஸ்கை ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்கில் அடைத்துக் கேட்கும் வீட்டாருக்கு இரண்டு டிஸ்காகக் கொடுப்பதே மரியாதை. எழுதும் வேகம் 8 எக்ஸ்-க்கு மேல் வேண்டாம். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது சமநிலை கெடும்.

எச்.டி.வி. எப்போதும் 16:9. அன்றைய வீடுகளில் 4:3 தொலைக்காட்சி. பிளேயர் செட்டிங் மாறியிருந்தால் எல்லாரும் நெட்டையாக, ஒல்லியாகத் தெரிவார்கள். டெலிவரி கொடுக்கப் போகும்போது அவர்கள் வீட்டுப் பிளேயரில் 4:3 லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டை) வைத்துக் காட்டிவிட்டு வந்தால் பிறகு ஃபோன் வராது.

எச்டியாகவே கொடுப்பதற்கு நல்ல வழி அப்போது குறைவு. எச்டி டிவிடிக்கும் ப்ளூரேக்கும் நடந்த போட்டி 2008 பிப்ரவரியில் தோஷிபா விலகியதோடு முடிந்தது. அதன் பிறகும் ப்ளூரே பிளேயர் வைத்திருந்த வீடு அபூர்வம். சாதா டிவிடியில் ஏவிசிஎச்டி முறையில் 15 மெகாபிட்டில் 40 நிமிடம் எழுதலாம், ஆனால் ப்ளூரே பிளேயரில்தான் ஓடும். ஆகவே பெரும்பாலோர் கைக்குப் போனது டிவிடிதான். எச்டி கேசட்டில் தங்கிவிட்டது.

இப்போது இறக்குகிறவர்களுக்கு

டிவிடியைப் பெரிதாக்கி மெனக்கெடாதீர்கள். கேசட்டைத் தேடுங்கள். நெல்லுக்குள்ளோ பீரோவுக்குள்ளோ எங்கிருந்தாலும், முதலில் கண்ணாடி ஜன்னல் வழியே டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சை. அதைக் கேமராவுக்குள் போட்டால் ஹெட்டிலும் அடுத்த கேசட்டிலும் ஏறும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மேலே மறுபடி பதியாமல் தடுக்கும் சின்னத் தாழ்ப்பாள் சேவ் பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

ஃபயர்வயர் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து எம்2டி ஆகவே இறக்குங்கள். எச்டிஎம்ஐ வழியாகப் பதிவு செய்யும் பெட்டிகள் படத்தை இன்னொரு முறை சுருக்கும். ஃபயர்வயரில் கேசட்டில் இருப்பது இருந்தபடியே வரும். அந்த ஃபைலை இரண்டு டிஸ்கில் வையுங்கள். பார்ப்பதற்குத் தனி நகல்: ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக்கும் நல்ல டிஇன்டர்லேஸர் கொண்டு 50 ஃபிரேமாக விரித்து, 1440-ஐ 1920 ஆக்கி, எச்.264 முறையில். 25 ஃபிரேமாக்கினால் அரிசி விழுவதன் வழவழப்பு போய்த் துடிக்கும். யூடியூபில் இன்டர்லேஸ் ஃபைலை அப்படியே ஏற்றினால் கையும் தட்டும் கோடு கோடாக வரும்.

டேப் ஓட்டும் கேமராக்களுக்கு இப்போது பெல்ட், ஹெட் கிடைப்பது கடினம். எந்தக் கேசட்டோடு நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. அட்டையில் 1, 2, 3 என்று எழுதியிருக்கும் வரிசையில் பெண் அழைப்பிலிருந்து தொடங்காதீர்கள். முகூர்த்தம் என்று எழுதியிருப்பதை எடுத்து, ஒருமுறை முனைக்கு முனை ஓட்டி, அதை முதலில் இறக்குங்கள்.